ஓய்வுப் பரிசாக வந்த சொகுசு ஸ்மார்ட்வாட்ச்: மூன்றரை ஆண்டுகளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு பொறியியல் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றிய மூத்த பொறியாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவரிடம் தொழில் கற்றவர்கள் பிரிவில் பலர் இருந்ததால், பிரிவுபசாரப் பரிசுக்கு வழக்கமாகச் சேரும் பணத்தைவிடப் பெரிய தொகை சேர்ந்தது. வசூலுக்கும் செலவுக்கும் கணக்கு வைத்தவன் நான். பரிசைத் தேர்ந்தெடுத்தது முதல் அது கையைவிட்டு இறங்கியது வரையிலான பில்களும் மின்னஞ்சல்களும் என்னிடம் சேர்ந்திருந்தன. அவற்றையும், அவரும் அவருடைய மகளும் பின்னர் சொன்னவற்றையும் வைத்து, அவர்களின் சம்மதத்தோடு இந்தப் பதிவு எழுதப்படுகிறது. ஆட்களின் பெயரும் அந்தக் கடிகாரத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரும் இதில் இடம்பெறாது.

பரிசு வாங்கும் குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. மூத்தவர்கள், அவர் பிற்காலத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகும்படியான ஒரு நல்ல இயந்திரக் கைக்கடிகாரம் வாங்க வேண்டும் என்றனர். இளையவர்களோ, அவருக்கு இடது காதில் கேட்கும் திறன் குறைந்திருப்பதையும், தொலைபேசி அழைப்புகளை அடிக்கடி தவறவிடுவதையும், இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டுப் பிற்பகலில் நினைத்துக்கொள்வதையும் சுட்டிக்காட்டி, மணிக்கட்டில் அதிர்ந்து நினைவூட்டும் ஸ்மார்ட்வாட்ச்தான் அவருக்கு உதவும் என்றனர். இரண்டு தரப்பையும் ஒரே பொருளில் நிறைவு செய்யலாம் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்த வழிதான், இயந்திரக் கடிகாரங்களுக்குப் பெயர்பெற்ற ஒரு பழைய நிறுவனம் வெளியிட்டிருந்த ஸ்மார்ட்வாட்ச். அதன் விலை, அதே வேலைகளைச் செய்யும் சாதாரண ஸ்மார்ட்வாட்சின் விலையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதே நிறுவனத்தின் தொடக்கநிலைத் தானியங்கிக் கடிகாரத்தின் (கை அசைவிலேயே சாவி ஏறும் இயந்திரக் கடிகாரம்) விலைக்கு அது நெருங்கி வந்தது.

வாங்குவதற்கு முன் தெரிந்திருந்தவை

குழு விவரம் தெரியாமல் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. சொகுசு விலை ஸ்மார்ட்வாட்சுகளின் வரலாறு அப்போதே நான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் தன் முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 18 காரட் தங்கத்தில் செய்த 'எடிஷன்' என்ற வகைக்கு 10,000 டாலர் முதல் 17,000 டாலர் வரை விலை வைத்தது. உள்ளே இருந்த சில்லும் (சிப்) உணரிகளும் (சென்சார்) மென்பொருளும், 349 டாலரில் தொடங்கிய அலுமினிய மாடலில் இருந்தவையே. அடுத்த ஆண்டே தங்கம் கைவிடப்பட்டு, எடிஷன் என்ற பெயர் செராமிக் கூட்டுக்குப் போயிற்று. 2018 செப்டம்பரில் ஆப்பிள் கடிகாரங்களின் இயங்குதளமான வாட்ச்ஓஎஸ்ஸின் 5-ஆம் பதிப்பு வெளியானபோது முதல் தலைமுறைக் கடிகாரங்களுக்கு அது கிடைக்கவில்லை. தங்கக் கூட்டில் இருந்தவற்றுக்கும் விலக்கு இல்லை.

மறுபுறம், சுவிட்சர்லாந்தின் கடிகார நிறுவனமான டாக் ஹாயர் 2015 நவம்பரில் வெளியிட்ட 'கனெக்டட்' கடிகாரம் 1,500 டாலர். உத்தரவாதக் காலம் முடிந்த பின் அதைத் திருப்பிக் கொடுத்து மேலும் 1,500 டாலர் செலுத்தினால் ஓர் இயந்திரக் கடிகாரத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்தது. 2017-இல் வந்த அடுத்த மாடலில், மின்னணுப் பகுதியைக் கழற்றிவிட்டு அதே வாரில் இயந்திரப் பகுதியைப் பொருத்திக்கொள்ளும் வசதி இருந்தது. மின்னணுப் பகுதி சீக்கிரம் பழசாகும் என்பதைக் கடிகாரத் தொழிலில் ஊறியவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்ட செயலாகவே இந்த இரண்டையும் நான் பார்க்கிறேன். அந்த ஒப்புதலை விளம்பரமாகவும் மாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இவை குழுவில் பேசப்பட்டன. ஆனால் ஆப்பிளின் அனுபவம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அனுபவம், தலைமுறை தலைமுறையாகக் கடிகாரம் பழுதுபார்த்துக் கொடுத்துவரும் நிறுவனம் தன் பொருளை அப்படிக் கைவிடாது என்ற வாதம் வென்றது. கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அங்கே விடுபட்ட கேள்வி. கூட்டையும் கண்ணாடியையும் வாரையும் அது தானே செய்தது. சில்லு குவால்காமுடையது, இயங்குதளம் கூகுளுடையது. 'ஆண்ட்ராய்ட் வேர்' என்று தொடங்கி, 2018 மார்ச்சில் 'வேர் ஓஎஸ்' என்று பெயர் மாறிய அந்த இயங்குதளத்தை, விலை குறைந்த கடிகாரங்களைச் செய்யும் பல நிறுவனங்களும் அதே சில்லோடு பயன்படுத்திக்கொண்டிருந்தன.

தேர்வும் அதன் காரணங்களும்

எழுத்தில் பதிவான காரணங்கள் நான்கு. கூடு டைட்டானியம், எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராமை ஒட்டி இருக்க, டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம்தான் என்பதால், வயதானவர் கையில் கனம் தெரியாது. கண்ணாடி சஃபயர், மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7 என்பதால், தூசியும் மணலும் அதைக் கீறாது. வார், பொதுவாகக் கிடைக்கும் 22 மில்லிமீட்டர் அகலத்தில் உள்ள தோல் வார் என்பதால் எளிதில் மாற்றலாம். நான்காவது, பெயர்.

நான்கும் உண்மையே. மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகும் இவற்றில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. இந்த நான்கும் கடிகாரத்தின் வெளிப்புறத்தைப் பற்றியவை என்பதைத்தான் அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி ஓர் இளம் சக ஊழியர் மட்டும் கேட்டார். அதிலிருந்த ஸ்நாப்டிராகன் வேர் 3100 சில்லு 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது என்றும், அடுத்த சில்லு வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் அவர் கேட்டதற்கு, விற்பனையாளர் அனுப்பிய மின்னஞ்சல் பதில் இரண்டே வரி: மென்பொருள் புதுப்பிப்புகள் கூகுளின் திட்டப்படி வரும், உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள். எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும், பேட்டரி தேய்ந்தால் அதைத் தனியாக மாற்ற முடியுமா, என்ன செலவாகும் என்பவற்றுக்கு அதில் பதில் இல்லை. விழா நாள் நெருங்கிவிட்டதால் அந்த உரையாடல் அங்கேயே நின்றது.

முதல் இரண்டு ஆண்டுகளில் காணப்பட்டவை

பரிசு மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதைக் குறைத்துச் சொன்னால் பதிவு நேர்மையாக இருக்காது. அவர் தினமும் அதை அணிந்தார். பார்த்தவர்கள் விசாரித்தார்கள். அழைப்பு வரும்போது மணிக்கட்டு அதிர்வதால், அழைப்புகளைத் தவறவிடும் பழக்கம் சில வாரங்களிலேயே பெருமளவு குறைந்ததாக மகள் சொன்னார். மாத்திரைக்கான நினைவூட்டலும் நன்றாக வேலை செய்தது. காலை நடையில் எத்தனை அடி நடந்தார் என்பதைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஆர்வம் வந்தது.

ஆறு மாதம் கழித்து, எதையெல்லாம் பயன்படுத்துகிறார் என்று அவரிடமே கேட்டபோது சொன்ன பட்டியல் இவ்வளவுதான்: நேரம், அழைப்பு அதிர்வு, மாத்திரை நினைவூட்டல், அடி எண்ணிக்கை. பாட்டு, பணம் செலுத்தும் வசதி, குரல்வழித் தேடல் ஆகிய எதையும் அவர் தொடவில்லை. நிறுவனம் தன் பழைய இயந்திரக் கடிகாரங்களின் சாயலில் வடிவமைத்துத் தந்த பல முகப்புகளில் முதல் நாள் வைத்ததையே கடைசிவரை வைத்திருந்தார். அந்த முகப்புகள் விலையில் ஒரு பங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் பயன்படுத்திய நான்கு வசதிகளும் அன்றைக்கு மிக மலிவான உடற்பயிற்சிக் கைப்பட்டைகளில் (ஃபிட்னஸ் பேண்ட்) கூட இருந்தன.

இதயத்துடிப்பு அளவீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை கூடினால் அளவீடும் துல்லியமாகும் என்ற எண்ணம் குழுவில் சிலருக்கு இருந்தது. இத்தகைய கடிகாரங்கள் பின்புறத்திலிருந்து பச்சை ஒளியைத் தோலின்மேல் பாய்ச்சி, இரத்த ஓட்டத்துக்கேற்ப மாறித் திரும்பும் ஒளியைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகின்றன. கடிகாரம் தோலோடு எவ்வளவு ஒட்டி அமர்ந்திருக்கிறது, கை எவ்வளவு அசைகிறது, உணரியும் கணக்கீட்டு முறையும் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்பவைதான் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. கூட்டின் உலோகத்துக்கு இதில் வேலையில்லை. உண்மையில், தோல் வாரைத் தளர்வாகக் கட்டும் வழக்கமுடைய இவருக்கு, நடக்கும்போது அளவீடு பலமுறை தாறுமாறாகக் காட்டியது. இறுகப் பிடிக்கும் சிலிக்கோன் வாரில் அந்தச் சிக்கல் குறைந்திருக்கும். ஆனால் அதை மாட்டினால் கடிகாரத்தின் தோற்றம் கெடும் என்று அவர் மறுத்துவிட்டார். சொகுசுப் பொருளாக அது கேட்டதும் கருவியாக அது கேட்டதும் ஒன்றோடொன்று முரண்பட்ட இடம் இது.

2020-இல் கொரோனா பரவியபோது இன்னொரு குறை தெரிந்தது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க வேண்டிய நிலை வந்தபோது, அந்த உணரி இவருடைய கடிகாரத்தில் இல்லை. விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்றை வீட்டில் வாங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் ஆறாம் தலைமுறைக் கடிகாரத்தில் அந்த வசதியைச் சேர்த்தது. நாடித்துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டறிய உதவும் மின் இதயப் பதிவு (இசிஜி) வசதியும், அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அனுமதியோடு, 2018-லேயே அதன் நான்காம் தலைமுறையில் வந்துவிட்டிருந்தது. மாரடைப்பை அது கண்டறியாது என்று ஆப்பிளே சொல்கிறது என்றாலும், அறுபதைக் கடந்தவருக்கு அது பொருளுள்ள வசதி. அதைவிட விலை உயர்ந்த இவருடைய கடிகாரத்தில் அது இல்லை.

முதல் கோளாறு

இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில், இரவு முழுவதும் சார்ஜரில் வைத்தும் காலையில் பாதிக்குமேல் ஏறவில்லை என்று புகார் வந்தது. பேட்டரி போய்விட்டது என்றே அனைவரும் நினைத்தனர். எடுத்துப் பார்த்தபோது, கடிகாரத்தின் பின்புறத்தில் சார்ஜரின் ஊசிகள் வந்து தொடும் சிறிய உலோகப் புள்ளிகளில், வியர்வையின் உப்பும் தோலழுக்கும் சேர்ந்து பச்சை பூத்திருந்தது. சார்ஜரின் ஊசிகளில் ஒன்று அந்த அழுக்கில் ஒட்டி, உள்ளே அழுந்தியபடியே நின்றுவிட்டது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஊசியை மெல்லத் தட்டி வெளியே வரச்செய்ததும் சார்ஜ் ஏறியது.

சிறிய விஷயம்தான். ஆனால் அந்தச் சார்ஜர் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துவது. மாற்றுச் சார்ஜர் ஒன்று கையிருப்புக்கு வாங்கலாம் என்று விசாரித்தபோது, வரவழைக்க ஒரு மாதத்துக்கு மேலாகும் என்றார்கள். இடையில் ஒரு பயணத்துக்குச் சார்ஜரை எடுத்துச் செல்ல மறந்ததால், இரண்டு நாட்கள் அவர் கையில் வெறும் கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது.

மென்பொருள் நின்ற இடம்

2021 ஆகஸ்டில் வேர் ஓஎஸ் 3, சாம்சங் கடிகாரங்களில் வெளியானது. பழைய கடிகாரங்களில் எவை அதற்கு மாற முடியும் என்று அதற்கு முந்தைய மாதமே கூகுள் அறிவித்திருந்தது. அடுத்த தலைமுறையான 4100 வகைச் சில்லுகள் உள்ளவற்றுக்கு வழி இருந்தது. 3100 சில்லு உள்ளவற்றுக்கு இல்லை. இளம் சக ஊழியர் கேட்ட கேள்விக்கு இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. விலை குறைந்த கடிகாரமும் அதே சில்லு, இவருடையதும் அதே சில்லு என்பதால் இரண்டும் ஒரே வாசலில் நிறுத்தப்பட்டன.

அன்றே எதுவும் நின்றுவிடவில்லை. நேரம் ஓடியது, அழைப்பு அதிர்ந்தது. மாற்றம் மெதுவாகவே தெரிந்தது. மாத்திரை நினைவூட்டலுக்கு அவர் பயன்படுத்திவந்த செயலி, ஒரு புதுப்பிப்புக்குப் பின் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புவதை நிறுத்தியது. அவர் தொலைபேசியை மாற்றியபோது, கடிகாரத்தைப் புதிய தொலைபேசியோடு இணைக்கும் வேலை ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது. இணைப்பதற்குக் கடிகாரத்தை ஆரம்ப நிலைக்கு அழிக்க வேண்டியிருந்ததால், அதில் மட்டும் இருந்த பதிவுகள் போய்விட்டன.

பேட்டரி

லித்தியம் அயான் பேட்டரி, சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவில் சிறிது இழக்கும். ஆப்பிள் தன் கைக்கடிகார பேட்டரிகளைப் பற்றிச் சொல்லும் அளவு, 1000 முழுச் சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு என்பது. தினமும் முழுதாகத் தீர்ந்து சார்ஜ் ஏறும் கடிகாரத்துக்கு 1000 சுற்று என்பது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. தொலைபேசியின் பேட்டரியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள கைக்கடிகார பேட்டரியில், ஐந்தில் ஒரு பங்கு குறைவதுகூட அன்றாடத்தில் பெரிதாகத் தெரியும். புதிதாக இருந்தபோதே ஒரு நாளைக்குச் சற்று மேலாக மட்டும் தாங்கிய இந்தக் கடிகாரம், 2022-இன் நடுவில் மாலைவரையிலும், ஆண்டு முடிவில் பிற்பகல் மூன்று மணிவரையிலும்தான் ஓடியது. எப்போதும் ஒளிரும் முகப்பை அணைத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு கையைத் திருப்பும்போது மட்டுமே நேரம் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அவரிடம் பேசியபோது, "பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா நான் சாயங்கால மாத்திரை போடுறதுக்குள்ள அது தூங்கிடுது" என்றார். அதற்குமேல் அவர் குறை சொல்லவில்லை. பரிசு கொடுத்தவர்கள் மனம் வருந்தக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பரிசாக வந்த பொருளின் குறை வெளியே தாமதமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-இன் தொடக்கத்தில், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குக் கடிகாரம் அனுப்பப்பட்டது. பேட்டரி தனியாக மாற்றப்படுவதில்லை, மின்னணுப் பகுதி முழுவதையும் அதே தலைமுறையின் புதுப்பிக்கப்பட்ட பகுதியால் மாற்றித் தருவோம், கட்டணம் இவ்வளவு, ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. கட்டணம், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகைக்கு இரண்டு சாதாரண ஸ்மார்ட்வாட்சுகள் புதிதாகக் கிடைக்கும். மாற்றித் தரப்படும் பகுதியும் அதே 3100 சில்லுடையது என்பதால், மென்பொருள் நிலையில் எந்த மாற்றமும் இருக்காது.

ஆராயப்பட்ட வழிகளும் எடுக்கப்பட்ட முடிவும்

அவர் என்னையும் அந்த இளம் சக ஊழியரையும் அழைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். மகளும் உடனிருந்தார்.

கட்டணத்தைச் செலுத்திப் பழுதுபார்ப்பது முதல் வழி. அதன் பலன் அதிகம் போனால் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள். அதுவும் செயலிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளத்தில். வெளியில் உள்ள ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியை மட்டும் மாற்றுவது இரண்டாவது வழி. இதற்குச் செலவு மிகக் குறைவு. பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் புதிதாக மாற்றப்பட்டு, அழுத்தச் சோதனையும் செய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் 5 ஏடிஎம் (ஐந்து மடங்கு வளிமண்டல அழுத்தம்) என்று எழுதியிருக்கும் நீர்த்தடுப்புக்குப் பொருள் இல்லை. விசாரித்த இருவரும் பேட்டரியை மாற்றத் தயார் என்றனர். நீர்த்தடுப்புக்கு உறுதி தர இயலாது என்றனர். கையைக் கழுவும்போது கடிகாரத்தைக் கழற்றும் வழக்கம் அவருக்கு இல்லை.

விற்பது மூன்றாவது வழி. பழைய கடிகாரங்களை வாங்குபவர் ஒருவர் சொன்ன விலை, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே நிறுவனத்தின் தொடக்கநிலைத் தானியங்கிக் கடிகாரம் அதே ஆண்டில் வாங்கியது இருந்தால் என்ன தருவீர்கள் என்று இளம் சக ஊழியர் கேட்டதற்கு, பெட்டியும் அட்டையும் இருந்தால் பாதிக்குக் குறையாமல் தருவதாக அவர் சொன்னார். ஒரே பெயர் பொறித்த, ஏறத்தாழ ஒரே விலையில் வாங்கிய இரண்டு கடிகாரங்களுக்கிடையே இந்த வேறுபாடு வருவதற்குக் காரணம் எளிது. இயந்திரக் கடிகாரத்தைத் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த சக்கரத்தை மாற்றத் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்துக்கு வெளியேயும் இருக்கிறார்கள். ஸ்மார்ட்வாட்சின் உயிர், அதைச் செய்தவரிடம்கூட முழுதாக இல்லை.

புதிதாக நடுத்தர விலையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்குவது நான்காவது வழி. இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. சேவைக் கட்டணத்தில் பாதிக்குமேல் சற்றே கூடிய விலையில், அவருக்குத் தேவையான நான்கு வசதிகளோடு, ஆக்ஸிஜன் அளவு, மின் இதயப் பதிவு, கீழே விழுந்தால் மகளின் தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும் வசதி ஆகியவையும் கிடைத்தன. முடிவைத் தீர்மானித்தது விழுந்தால் தகவல் அனுப்பும் வசதிதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மாடிப்படியில் ஒருமுறை கால் இடறியிருந்தது. அடிபடவில்லை என்றாலும் குடும்பத்தினருக்கு அந்தப் பயம் இருந்தது.

பின்விளைவு

புதிய கடிகாரத்தின் வார் இணையும் இடமும் 22 மில்லிமீட்டர் என்பதால், பழைய கடிகாரத்தின் தோல் வாரைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டார். நடைக்குப் போகும்போது சிலிக்கோன் வார், வெளியே போகும்போது தோல் வார் என்று வழக்கமாயிற்று. சிலிக்கோன் வாரை மாட்டினால் தோற்றம் கெடும் என்று முன்பு மறுத்தவர், விலை குறைந்த கடிகாரத்தில் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதய அளவீடும் அதனால் சீரானது. மலிவான பொருளை மனிதர்கள் கருவியாக நடத்துகிறார்கள். விலை உயர்ந்ததைப் பேணுவதிலேயே அதன் பயன்பாட்டில் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. இந்த ஒரு நிகழ்விலிருந்து பொது விதி ஏதும் வகுக்க முடியாது என்றாலும், இதை நான் வேறு சிலரிடமும் பார்த்திருக்கிறேன்.

பழைய கடிகாரத்தின் சஃபயர் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டின் ஓரத்தில் மட்டும் லேசான தேய்மானம். ஆறு மடங்கு விலைக்கு எவற்றைக் காட்டி வாங்கினோமோ, அவை அத்தனையும் அப்படியே இருக்க, கடிகாரம் மட்டும் ஓடவில்லை. அதே 2023-இல், 2015-இன் தங்க ஆப்பிள் கடிகாரம் உள்ளிட்ட முதல் தலைமுறை முழுவதையும் ஆப்பிள் தன் காலாவதிப் பட்டியலில் சேர்த்தது. உதிரிபாகமோ பழுதுபார்ப்போ இனி அந்நிறுவனத்திடம் கிடைக்காது என்பது அதன் பொருள். அந்தத் தங்கத்துக்காவது எடைக்கு விலை உண்டு.

செலவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். சாதாரணக் கடிகாரத்தின் விலையை ஒரு பங்கு என்று வைத்தால், பரிசின் விலை ஆறு பங்கு. தாராளமாகக் கணக்கிட்டு மூன்றரை ஆண்டு உழைத்தது என்றால், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கடிகாரம் மூன்று ஆண்டில் வீணாகும் என்று கொண்டாலும், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குதான். வேறுபாடு ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்குக்குக் கிடைத்த கூடுதல் பயன்பாடு ஏதும் இல்லை.

இந்தக் கணக்கைக் குழுவில் ஒருவர் ஏற்கவில்லை. பரிசு என்பது கொடுத்த நாளிலேயே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, அவரும் இரண்டு ஆண்டுகள் பெருமையோடு அணிந்தார், அதைப் பயன்பாட்டுக் கணக்கால் அளப்பது தவறு என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சொந்தப் பணத்தில், அந்த மகிழ்ச்சிக்காகத் தெரிந்தே வாங்குபவரிடம் எனக்கு வாதம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் குழு சொன்ன காரணம் அதுவாக இருக்கவில்லை. நீண்ட காலம் நிற்க வேண்டும் என்பதுதான் எழுத்தில் இருந்தது. பெருமையும் நீடிப்பும் மட்டுமே வேண்டும் என்றால், அதே பணத்துக்கு இயந்திரக் கடிகாரம் அவற்றை இன்னும் பல ஆண்டுகள் தந்திருக்கும்.

விலை கூடிய எல்லா ஸ்மார்ட்வாட்சுகளையும் இந்த ஒரே வரிசையில் வைப்பதும் சரியில்லை. 2022 செப்டம்பரில் 799 டாலருக்கு வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில், கூடுதல் விலைக்கு ஈடாகப் பெரிய பேட்டரியும், இரண்டு அலைவரிசைகளில் இருப்பிடம் கணிக்கும் ஜிபிஎஸ்ஸும், நீருக்கடியில் ஆழத்தை அளக்கும் வசதியும் இருக்கின்றன. மலையேறுபவருக்கும் முத்துக்குளிப்பவரைப்போல் மூழ்குபவருக்கும் அந்த விலை வேலைக்கான விலை. கார்மின் 2019-இல் 1,500 முதல் 2,500 டாலர் வரை விலை வைத்து வெளியிட்ட மார்க் வரிசை, சொகுசுக்கும் கருவிக்கும் நடுவில் நிற்கிறது: பேட்டரி நாள்கணக்கில் தாங்கும், ஆனால் அதன் அளவீட்டு வசதிகளில் பெரும்பாலானவை அதே நிறுவனத்தின் விலை குறைந்த மாடல்களிலும் உண்டு.

அடுத்த முறை மாற்றப்பட்டவை

2024-இல் அதே பிரிவில் இன்னொருவர் ஓய்வு பெற்றபோது, குழு முதலில் அவரிடமே கேட்டது. அவரும் ஸ்மார்ட்வாட்சே வேண்டும் என்றார். இந்த முறை விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் எழுத்தில் கேட்கப்பட்டன: இந்த மாடலுக்கு எந்த ஆண்டுவரை மென்பொருள் புதுப்பிப்பு உறுதி; பேட்டரியைத் தனியாக மாற்ற என்ன கட்டணம், எத்தனை நாள்; இதிலுள்ள சில்லு எப்போது வெளியானது. முதல் கேள்விக்கு ஆண்டைக் குறிப்பிட்டுப் பதில் தந்த நிறுவனங்கள் மட்டுமே பரிசீலனைக்கு எடுக்கப்பட்டன. அந்த ஒரு கேள்வியிலேயே, பட்டியலில் இருந்த இரண்டு சொகுசு மாடல்களும் விலகிவிட்டன. சார்ஜர் ஒன்று கூடுதலாகத் தொடக்கத்திலேயே வாங்கப்பட்டது.

முந்தைய கடிகாரத்தை என்ன செய்வது என்பதும் பேசி முடிக்கப்பட்டது. அதில் முதலில் ஓய்வு பெற்றவருடைய கூகுள் கணக்கு, தொடர்பு எண்கள், உடல்நல அளவீடுகள் இருந்தன. கடிகாரம் இயங்காத நிலைக்குப் போய்விட்டால் அவற்றை அழிக்க முடியாது என்பதால், பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்கும்போதே கணக்கை நீக்கி, முழுவதும் அழித்து வைக்கும்படி சொன்னோம். சார்ஜரில் வைத்தபடியே அதைச் செய்து முடித்தார்கள்.

இரண்டாவது ஓய்வுக்குச் சேர்ந்த தொகை, ஏறக்குறைய முதலாவதற்குச் சேர்ந்த அளவே. அதில் மூன்றில் ஒரு பங்கில் நடுத்தர விலை ஸ்மார்ட்வாட்சும், கூடுதல் சார்ஜரும், நல்ல தோல் வாரும் வாங்கப்பட்டன. மீதியை அவர் பெயரில் வைப்பாகப் போட்டு, பேட்டரி தளரும் காலத்தில் அவரே புதிய கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று குழு முடிவு செய்தது.